கென்னடி வீட்டு மூத்த பிள்ளை

நம் வீடுகளில் தலைச்சன் பிள்ளையின் வாழ்க்கையில் பாதியை அவன் பிறப்பதற்கு முன்பே பெரியவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். நான் வீட்டில் இரண்டாமவன். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் வாழ்க்கை வரலாற்றைக் கல்லூரி நாட்களில் படித்தபோது, அவரும் இரண்டாமவர்தான் என்ற செய்தியை ஒரே வரியில் கடந்துபோனேன். அந்த வரிக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பற்றி விரிவாகப் படிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய மரணம் அன்று. அதற்கு முன்பு, எதுவுமே நிகழாத கடலின் மேல் அவர் பறந்து கழித்த நூற்றுக்கணக்கான மணி நேரங்களே.

தந்தையின் பெயரையே தாங்கிய ஜோசப் பேட்ரிக் கென்னடி, வீட்டாருக்கு ஜோ. 1915 ஜூலை 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹல் என்ற கடற்கரையூரில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் மூத்தவர். தந்தை வங்கி, பங்குச் சந்தை, திரைப்படத் தொழில் என்று கைவைத்த இடமெல்லாம் பொருள் ஈட்டியவர். தாய் ரோஸ், பாஸ்டன் நகரின் முன்னாள் மேயர் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டின் மகள். பேரன் பிறந்ததும் இவன் ஒருநாள் நாட்டின் தலைவராவான் என்று தாத்தா செய்தியாளர்களிடம் அறிவித்தார் என்பது அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்படும் முதல் கதை. கத்தோலிக்கர் எவரும் அதுவரை அந்தப் பதவிக்கு வந்ததில்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான், அயர்லாந்து வழிவந்த ஒரு குடும்பம் தொட்டிலில் கிடந்த குழந்தையின் தலையில் ஏற்றிய பாரம் விளங்கும்.

ஜோ அந்தப் பாரத்தை விரும்பியே சுமந்தார். நல்ல உடற்கட்டு, சிரித்த முகம், முன்கோபம். தம்பி ஜான் இரண்டு வயது இளையவர், நோயாளி, புத்தகப் புழு. இருவரும் சிறுவயதில் மிதிவண்டிப் பந்தயம் ஒன்றில் எதிரெதிராக வந்து, யாரும் விலகாமல் மோதிக்கொண்டார்கள். தம்பிக்கு 28 தையல். அண்ணனுக்குக் கீறல்கூட இல்லை. சோட் பள்ளியில் ஜோ பரிசு பெற்ற மாணவர். 1933இல் பள்ளி முடித்ததும், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் ஓராண்டு பயில அனுப்பப்பட்டார். முதலாளியின் மகன் சோஷலிசப் பேராசிரியரின் வகுப்பில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தவர் அந்த முதலாளியேதான். எதிர்த்தரப்பின் வாதத்தையும் மகன் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு ஹார்வர்டு, 1938இல் பட்டம், அதன்பின் அங்கேயே சட்டப் படிப்பு.

இளமையில் அவர் கொண்டிருந்த கருத்துகள் எல்லாம் போற்றத்தக்கவை அல்ல. 1934இல் ஜெர்மனிக்குப் போன 18 வயது ஜோ, ஹிட்லரின் ஆட்சியில் மயங்கித் தந்தைக்குக் கடிதம் எழுதினார். யூதர்கள்மீதான வெறுப்புக்குக் காரணம் இருப்பதாகவும், கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் நன்மை இருப்பதாகவும் அதில் அவர் கருதினார். அவரைத் தியாகியாக்க விரும்பியவர்கள் இந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டே எழுதினார்கள். ஒதுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். தந்தையின் மேசையில் புழங்கிய கருத்துகளை மகன் எவ்வளவு பணிவோடு திருப்பிச் சொன்னார் என்பதற்கு அது சான்று. பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராக 1938 முதல் 1940 வரை இருந்த தந்தை, ஹிட்லரோடு சமரசமே சிறந்தது என்று வாதிட்டு, தம் அரசியல் எதிர்காலத்தைத் தாமே முடித்துக்கொண்டார். அதன் பிறகு அவருடைய ஆசைகள் அத்தனைக்கும் ஒரே முகவரி மூத்த மகன்தான். 1940இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜோ ஒரு பிரதிநிதி. ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நிற்பதை ஏற்க மறுத்து, கட்சியினரின் நெருக்கடிக்கு இணங்காமல், ஜேம்ஸ் ஃபார்லிக்கே தம் வாக்கை அளித்தார். 24 வயதில் அப்படி நிற்க ஒரு பிடிவாதம் வேண்டும்.

அமெரிக்கா போரில் இறங்கக் கூடாது என்று மாணவர்களிடையே பேசிவந்த அதே ஜோ, 1941 ஜூனில் சட்டப் படிப்பை நிறுத்திவிட்டுக் கடற்படை விமானப் பிரிவில் சேர்ந்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்போது இன்னும் ஐந்து மாதங்களுக்குமேல் இருந்தன. பாஸ்டன் அருகே ஸ்குவாண்டம் தளத்தில் மஞ்சள் வண்ண இரட்டைச் சிறகு விமானங்களில் தொடக்கப் பயிற்சி. பிறகு ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். 1942 மே மாதம் அங்கே நடந்த விழாவில், தந்தையே வந்து மகனின் மார்பில் விமானிச் சின்னத்தை அணிவித்தார்.

போர் விமானி என்றதும் நம் மனத்தில் எழும் படம் வேறு: ஒற்றை ஆளாக மேகத்தைக் கிழித்துக்கொண்டு போய் எதிரியை வீழ்த்தும் வீரன். ஜோவுக்குக் கிடைத்தது அதுவன்று. ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில், பனானா ரிவர் என்னும் காயலோரத் தளத்தில், மரைனர் என்ற இரட்டை எஞ்சின் பறக்கும் படகில் அவருக்கு மேற்பயிற்சி அளித்தார்கள். இறக்கைகளின் முழு அகலம் ஏறத்தாழ 36 மீட்டர். நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் அந்தப் பெரிய விமானத்தை இயக்க ஏழெட்டுப் பேர் வேண்டும். வேகம் குறைவு, நேரம் அதிகம். நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலை நாள்முழுதும் சல்லடை போட்டுச் சலிப்பதுதான் வேலை.

அந்தப் பயிற்சியின் இயல்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடலின் மேல் பறப்பவனுக்கு வழிகாட்ட ஊரில்லை, ஆறில்லை, ரயில் பாதையில்லை. எந்தத் திசை, என்ன வேகம், எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, காற்று எவ்வளவு ஒதுக்கித் தள்ளியிருக்கும் என்பதையும் கணித்து, தான் இருக்கும் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டே போக வேண்டும். காற்றின் போக்கை அலையின் நுரையைப் பார்த்து அறிய வேண்டும். இரவில் விண்மீன்களின் உயரத்தை அளந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டும். திசையில் ஒரு பாகை பிசகினால் 60 மைலுக்கு ஒரு மைல் விலகல். 600 மைல் போனால் பத்து மைல். எரிபொருள் தீரும் நேரத்தில் பத்து மைல் என்பது உயிர். இவ்வளவையும் கற்றபின், இன்னும் கடினமான ஒன்றைக் கற்க வேண்டும். எட்டு, பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஒரே சாம்பல் நிற நீரைப் பார்த்துக்கொண்டிருந்தும் கண்ணை அயரவிடாமல் இருப்பது. நீர்மூழ்கி ஒன்று விமானத்தைக் கண்டதும் அரை நிமிடத்தில் மூழ்கிவிடும். அந்த அரை நிமிடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலானோருக்கு அது போர் முடியும்வரை வரவேயில்லை.

பயிற்சித்தளம் போருக்கு வெளியேயும் இல்லை. 1942இன் முதற்பாதியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வந்து எண்ணெய்க் கப்பல்களைக் கொளுத்திக்கொண்டிருந்தன. ஃபுளோரிடாக் கரையில் நின்றவர்கள் எரியும் கப்பல்களைக் கண்ணால் பார்த்தார்கள். அந்தக் கடலும் வானமும் போரில்லாத காலத்திலும் ஆளை விழுங்கக்கூடியவை. போர் முடிந்தபின், 1945 டிசம்பர் 5 அன்று, பயிற்சிக்குப் போய்த் திரும்பாத ஐந்து கடற்படை விமானங்களைத் தேட இதே பனானா ரிவரிலிருந்து கிளம்பிய மரைனர் ஒன்று 13 பேரோடு மறைந்தது. பெர்முடா முக்கோணம் என்று மர்மக் கதை கட்டியவர்கள், அத்தளத்தில் பயின்றவர்களைக் கேட்டிருந்தால் மர்மம் தேவைப்பட்டிருக்காது.

1943இன் தொடக்கத்தில் போர்ட்டோ ரிக்கோவில் 203ஆம் கண்காணிப்புப் பிரிவு. ஜூலையில் லிபரேட்டர் விமானங்களோடு புதிதாக அமைந்த 110ஆம் பிரிவு. லிபரேட்டர் நான்கு எஞ்சின் கொண்டது, தரையிலிருந்து கிளம்புவது, பத்துப் பேரைச் சுமப்பது. அதைக் கொண்டு இங்கிலாந்திலிருந்து பிஸ்கே விரிகுடாவைக் கண்காணிக்க வேண்டும். பிரான்ஸின் பிரெஸ்ட், லோரியான், சென் நசேர் துறைமுகங்களிலிருந்து வெளிவரும் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அதுவே வாசல்.

புறப்படுவதற்குச் சற்று முன் நடந்த ஒன்றைக் குடும்ப வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1943 ஆகஸ்ட் 2 அதிகாலையில் சாலமன் தீவுகளருகே தம்பி ஜானின் ரோந்துப் படகை ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது. காயம்பட்ட மாலுமியை இழுத்துக்கொண்டே நீந்திக் கரைசேர்ந்த ஜான், நாடறிந்த வீரரானார். செப்டம்பர் 6 அன்று தந்தையின் 55ஆம் பிறந்தநாள் விருந்து. ஜோவும் விடுப்பில் வந்திருந்தார். விருந்தினர் ஒருவர் எழுந்து, வீரர் ஜானைப் பெற்ற தந்தை என்று வாழ்த்தி மதுக்கிண்ணத்தை உயர்த்தினார். எதிரே சீருடையில் அமர்ந்திருந்த மூத்தவரின் பெயர் அந்த வாழ்த்தில் இல்லை. ஜோவும் சிரித்துக் கிண்ணத்தை உயர்த்தினார். அன்றிரவு அவர் படுக்கையில் அழுததை அடுத்த கட்டிலில் இருந்தவர் கேட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் என் அண்ணனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர் 31 ஆண்டுகள் ஒரு துணை மின்நிலையத்தில் முறைவேலை பார்த்தவர். இரவெல்லாம் அளவுமானிகளைப் பார்த்து ஏட்டில் எழுதுவார். ஒன்றும் நிகழாவிட்டால் வேலை நன்றாக நடந்தது என்று பொருள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா என்னுடைய கட்டுரை வந்த நாளிதழை எடுத்துக் காட்டுவார். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார், இரவுப் பணி. ஊருக்கு விளக்கெரிந்ததைச் செய்தியென்று யார் காட்டுவது?

ஜோவின் பிரிவு 1943 செப்டம்பரில் இங்கிலாந்து சேர்ந்து, டெவன் மாவட்டத்தில் டங்க்ஸ்வெல் என்ற சேறு நிறைந்த தளத்தில் முகாமிட்டது. குளிர்காலம் முழுவதும் மழை, மூடுபனி, இரும்புக் கொட்டகைகள். விடியுமுன் புறப்பட்டு விரிகுடாவின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து, இருட்டியபின் பனிக்குள் ஓடுபாதையைத் தேடித் திரும்புவது. ஜெர்மன் போர் விமானங்கள் கூட்டமாக வந்து தாக்கின. அவற்றாலும் வானிலையாலும் பிரிவு பல விமானங்களை, அவற்றோடு ஆட்களையும், இழந்தது. ஜோ தம் பங்குக்கு 25 பறப்புகளை முடித்தார். ஊர் திரும்ப உரிமை கிடைத்தது. நார்மண்டிப் படையெடுப்பு நெருங்குவதை உணர்ந்து, தம் குழுவினரையும் இணங்கவைத்து இருந்துவிட்டார்.

1944 ஜூனில் அந்தப் பிரிவுகளுக்கு இடப்பட்ட பணி, கால்வாயின் மேற்கு வாயிலை ஒரு தக்கைபோல அடைப்பது. கடற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தின் மேலும் அரை மணிக்கு ஒருமுறை ஒரு விமானம் கடந்துபோகும்படி இரவும் பகலும் பறந்தார்கள். அக்கால நீர்மூழ்கி மின்கலங்களின் வலிமையில்தான் நீருக்கடியில் ஓடியது. அவற்றை மின்னேற்ற மேலே வந்தாக வேண்டும். வரவிடாமல் தலைக்குமேல் ஒருவன் சுற்றிக்கொண்டே இருந்தால், குண்டே போடாமல் அதை முடக்கிவிடலாம். படையெடுப்புக் கப்பல்களின் வரிசையை ஜெர்மன் நீர்மூழ்கிகளால் தடுக்க இயலவில்லை. ஜோ ஒரு நீர்மூழ்கியையும் மூழ்கடித்ததாகக் கணக்கில் ஏறவில்லை. அவர் பறந்ததால் மூழ்காமல் போன கப்பல்களுக்கு எந்த நாட்டிலும் கணக்கு வைப்பதில்லை.

அந்த வசந்தத்தில் இன்னொரு காரியமும் செய்தார். லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்தில் பணியாற்றிய தங்கை கேத்லீன், டெவன்ஷர் பிரபு வீட்டு வாரிசான வில்லியம் காவண்டிஷைக் காதலித்தார். மணமகன் புராட்டஸ்டன்ட். தாய் ரோஸுக்கு அது பெரும்பாவம். 1944 மே 6 அன்று செல்சி பதிவு அலுவலகத்தில் நடந்த அந்தத் திருமணத்துக்குக் கென்னடி வீட்டிலிருந்து வந்து நின்றவர் ஜோ ஒருவர்தான். தந்தையின் சொல்லைத் தட்டாத மூத்த மகன், தாயின் கோபம் தெரிந்தே தங்கையின் பக்கத்தில் நின்றார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

ஜூலை முடிவில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அப்போதுதான் இரகசியப் பணி ஒன்றுக்கு அனுபவமுள்ள லிபரேட்டர் விமானி தேவை என்ற அழைப்பு வந்தது. பழைய லிபரேட்டரின் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஒன்பதரை டன்னுக்கும் அதிகமான டார்பெக்ஸ் வெடிமருந்தை அடுக்குவது. வானொலி அலையால் அதை இயக்கி, அதன் மூக்கில் பொருத்திய தொலைக்காட்சிக் கருவியில் வழியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும் விமானத்திலிருந்து செலுத்தி, இலக்கில் மோதவிடுவது. இன்று செய்தித்தாளில் நாள்தோறும் படிக்கும் ஆளில்லா விமானத்தின் தொடக்கநிலை வடிவம் அது. ஆனால் ஆளில்லாமல் அதைத் தரையிலிருந்து எழுப்ப வழியில்லை. இருவர் ஏறி அதை மேலே கொண்டுபோய், வெடிவிசையைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பாராசூட்டில் குதிக்க வேண்டும். ஜோ முன்வந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், திரும்புவது சற்றுத் தாமதமாகும், கவலைப்பட ஏதுமில்லை என்ற பொருளிலேயே எழுதினார்.

தம்பியை முந்தவே அவர் போனார் என்று பலர் எழுதிவிட்டார்கள். அது முழு விடையாக எனக்குத் தோன்றவில்லை. ஏறக்குறைய ஓராண்டு வெறுங்கடலைப் பார்த்தவனுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஓர் இலக்கு என்பதே பெரிய ஆசைதான். ஆனாலும் அந்தப் பிறந்தநாள் விருந்து நடக்காமல் இருந்திருந்தால் அவர் அந்தப் பெட்டிகளோடு கப்பலேறியிருப்பார் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போவதுமில்லை.

1944 ஆகஸ்ட் 12, மாலை ஆறு மணிக்குச் சற்று முன், நார்ஃபோக் மாவட்டத்தின் ஃபெர்ஸ்ஃபீல்டு தளத்திலிருந்து விமானம் எழுந்தது. உடன் சென்றவர் டெக்சாஸைச் சேர்ந்த லெப்டினன்ட் வில்ஃபோர்டு வில்லி, மூன்று பிள்ளைகளின் தந்தை. வெடிவிசையின் மின்சுற்றில் குறை இருப்பதாக அப்பிரிவின் மின்னணு அதிகாரி ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார்; கேட்பாரில்லை. கட்டுப்பாடு கைமாறியதென்ற சங்கேதச் சொல்லை ஜோ அனுப்பினார். சில நிமிடங்களில், 6.20 மணியளவில், சஃபோக்கின் பிளைத் ஆற்று முகத்துவாரத்துக்கு மேல் விமானம் வெடித்தது. கீழே ஊர்களில் கூரைகளும் சன்னல்களும் சிதறின. இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை. ஜோவுக்கு 29 வயது நிறைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அவர்கள் அழிக்கப் போன இலக்கு வட பிரான்ஸில் மிமோயெக் என்ற இடத்தில் ஜெர்மானியர் நிலத்தடியில் அமைத்த பீரங்கிக் கோட்டை. ஜூலை 6 அன்றே பிரிட்டிஷ் விமானங்கள் பெருங்குண்டுகளைப் போட்டு அதைப் பயனற்றதாக்கிவிட்டன. வேலை அங்கே நின்றுபோயிருந்தது. நேசநாடுகள் அதை அறியவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் கனடியப் படை போய்ப் பார்த்தபோது அங்கே இடிபாடுதான் கிடந்தது. வெடிவிமானத் திட்டம் மொத்தத்தில் எதையும் சாதிக்காமலேயே கைவிடப்பட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஹயானிஸ் போர்ட் வீட்டுக்கு இரண்டு பாதிரியார்கள் வந்தார்கள். தந்தை பிள்ளைகளிடம் செய்தியைச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மாதம் கழித்து கேத்லீனின் கணவரும் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். அண்ணனைப் பற்றி உற்றாரும் நண்பர்களும் எழுதியவற்றைத் திரட்டி ஜான் ஒரு நினைவு நூலைத் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். தந்தையால் அதைப் படிக்க இயலவில்லை. 1946இல் ஜான் காங்கிரஸ் தேர்தலில் நின்றார். 1960இல் நடந்தது உலகறிந்தது.

ஜோவுக்கும் வில்லிக்கும் நேவி கிராஸ் விருது வழங்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் அருகே மேடிங்லியில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நீண்ட சுவரில், உடல் கிடைக்காதவர்களின் வரிசையில் அவர்களுடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1945 ஜூலையில் மாசசூசெட்ஸின் குவின்சி கப்பல்தளத்தில் ஜோவின் பெயரில் ஒரு போர்க்கப்பல் கடலிறக்கப்பட்டது. இன்னொரு தம்பி ராபர்ட் அடுத்த ஆண்டு அதில் கடைநிலை மாலுமியாகப் பணிசெய்தார்.

1962 அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவுக்கு வந்துவிட்டதாகக் கண்டு, அத்தீவைச் சுற்றிக் கடல்வழியை மறிக்குமாறு ஜான் கென்னடி உத்தரவிட்டார். அதே ராபர்ட், தலைமை வழக்கறிஞராக அவர் அருகில் இருந்தார். அக்டோபர் 26 காலை, கியூபாவை நோக்கிப் போன மரூக்லா என்ற சரக்குக் கப்பலை நிறுத்திச் சோதனையிட்டவர்களில் ஒரு பகுதியினர் அண்ணன் பெயர் தாங்கிய அந்தக் கப்பலிலிருந்து வந்தவர்கள். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. கப்பலைப் போகவிட்டார்கள்.